டிஸ்டார்ஷன் பெடலில் உள்ள மூன்று நாப்புகள்

இம்மாதப் பாடம் சற்று வித்தியாசமானது. பாட்டுக்குழுவில் கிடார் வாசிக்கிற வாலிபர்கள் கவனமாய் வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம், காது வலிப்பது உங்களுக்குத்தானே!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை செய்கிற தம்பி ஒருவர், ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து ஒரு பழைய டிஸ்டார்ஷன் பெடல் வாங்கிவந்தார். 'பாஸ்' கம்பெனியின் ஆரஞ்சு நிற டிஎஸ்-1. 1978-ல் வந்த மாடல், இன்றும் விற்பனையாகிறது. முழு இரவு ஜெபத்தில் மூன்று நாப்பையும் வலதுபக்கம் கடைசிவரை திருப்பிவிட்டார். நம்முடையது தகரக் கூரை வேறு. பாட்டு முடிந்ததும் வயதான தாயார் ஒருவர், "என்ன பாட்டு பாடினீங்கன்னே வெளங்கலியே பாஸ்டரையா" என்றார்கள். 1 கொரிந்தியர் 14:7-ல் பவுல் வாத்தியங்களைப்பற்றி எழுதினது ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "அந்த டப்பாவைத் தூக்கிப்போடு தம்பி" என்று எல்லார் முன்பாகவும் சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. அது என் தவறு.

நைட் ஷிப்டு முடிந்து அவர் வந்த ஒரு காலையில் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு இருவரும் சபைக்கு வந்து, மிக்சரைப் போட்டு உட்கார்ந்தோம்.

வலதுபக்க நாப் 'டிஸ்ட்'. சத்தத்தைக் கூட்டுவதற்கென்று வைத்த நாப் அல்ல இது. கிடார் சிக்னலைப் பெரிதாக்கி அதன் உச்சியை வெட்டிவிடுகிறது. அந்த வெட்டுத்தான் கரகரப்பு. கூட்டக் கூட்ட, மெதுவாய் மீட்டினதும் பலமாய் மீட்டினதும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடும், இரைச்சலும் ஏறும். கடிகாரத்தில் 9 மணி இருக்குமே, அந்த இடத்தில் வைத்தோம். முழு கார்டு அடித்தால் குழம்பும்; மூல சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் பிடித்தால் தெளிவு.

நடு நாப் 'லெவல்'. சத்தம் இதில்தான். பெடலைக் காலால் ஆன், ஆஃப் செய்து பார்த்து, இரண்டிலும் ஒரே சத்தம் வருமளவுக்கு வையுங்கள்.

இடதுபக்க 'டோன்'தான் எங்களைத் திணறடித்தது. கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சொலியைப் பெரும்பாலும் விடாது. ஆனால் கும்மிடிப்பூண்டியானாலும் திருவள்ளூரானாலும் நம் சபைகளில் கிடார் ஆம்ப் ஏது? நேராக மிக்சரில் சொருகுகிறோம். ஹாரன் வைத்த ஸ்பீக்கர் பாக்ஸ் அந்தக் கீச்சையெல்லாம் அப்படியே கொட்டுகிறது, தேனீக்கூட்டைக் கலைத்தாற்போல. டோனை நடுவில் வைக்கச் சொல்வார்கள். நமக்கு அது அதிகம். 9 மணிக்குக் குறைத்து, மிக்சரிலும் அந்தச் சானலின் ட்ரெபிளைக் குறைத்தோம்.

கிடாரிலுள்ள வால்யூமைக் குறைத்தாலே கரகரப்பும் குறையும். சரணத்துக்குக் குறைத்து, பல்லவிக்குக் கூட்டலாம்.

அந்தத் தாயாரையே முன்வரிசையில் உட்காரவைத்து சோதித்தோம். "இப்ப வார்த்தை கேக்குது தம்பி, வாசி" என்றார்கள்.

ஆராதனை முடிந்ததும் கிடார் ஒயரைப் பெடலிலிருந்து பிடுங்கிவிடுங்கள். 'இன்புட்'டில் ஒயர் இருக்கும்வரை, விளக்கு எரியாவிட்டாலும், 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டேயிருக்கும்.