வளையம் இல்லாத வான்கோழி

முதல் தடவை ஆறு வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தபோது கொட்டகை, தீவனம், கம்பிவலை என்று எல்லாவற்றையும் யோசித்தேன். அறுப்பது எப்படி, சாப்பிடுவது எப்படி என்று யோசிக்கவில்லை. ஆறில் ஒரு சேவல் கழுத்துச் சிவந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முற்றத்தில் பெரட்டுக் களம் பார்க்க வந்ததுபோல நடக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்த என் அம்மா அதற்குத் ‘தொரை’ என்று பெயர் வைத்துவிட்டார். தீபாவளியன்று தொரை குழம்பாக வந்தபோது வீட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. சட்டியோடு அடுத்த தெருவுக்குப் போனது.

ஆகவே முதல் வேலை கொட்டகை கட்டுவதல்ல. எது கறிக்கு, எது நம்மோடு இருக்கும் என்பதைக் குஞ்சு வந்த அன்றே வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, சொல்லிவிடுவது. இது நமக்குப் புதிதல்ல. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலை யாரும் மடியில் வைத்துக் கொஞ்ச மாட்டார்கள். தீனி போடுவார்கள், நோய் வந்தால் மருந்து கொடுப்பார்கள், ஆனால் அது சாமியுடையது. அறுக்குமுன் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பார்கள், சிலிர்த்தால் சம்மதம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கத்தி பிடித்தவனைச் சற்று நேரம் நிற்கவைக்கிறது என்பதே எனக்குப் போதும்.

வான்கோழிக்கு அப்படி ஒரு சாமி இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பறவை அது. மலாயில் அதன் பெயர் ‘அயாம் பெலாண்டா’, ஒல்லாந்துக்காரன் கோழி. 1612-இல் கோவாவிலிருந்து முகலாய மன்னர் ஜஹாங்கீரிடம் ஒன்று வந்து சேர்ந்தபோது, அவர் அதிசயப்பட்டு ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். சாமி ஏற்காத பறவையின் பொறுப்பு முழுக்க வளர்ப்பவன் தலையில்தான். நான் இப்போது செய்வது இது: இருக்கப்போகும் ஒரு சேவலுக்கும் இரண்டு பெட்டைகளுக்கும் காலில் சிவப்பு வளையம். வளையம் உள்ளவற்றுக்குப் பெயர் வைக்கலாம், கொஞ்சலாம். மற்றவற்றுக்கு வயிறாரத் தீனி, நிழல், சுத்தத் தண்ணீர்.

இனி இடம். எங்கள் ஊரான பொந்தியானில் பாதிப் பேர் வீட்டுப் பின்னால் கறுத்துக் கொழகொழத்த சதுப்பு மண். அன்னாசிக்கும் செம்பனைக்கும் சரி, வான்கோழிக் காலுக்கு ஆகாது. ஈரத்தில் நின்றால் பாதம் புண்ணாகும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பலகை அடித்து, மேலே மரத்தூள் பரப்புங்கள். கெட்டியானால் கிளறுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். வளர்ந்த பறவை ஒன்றுக்கு நான்கைந்து சதுர அடி வேண்டும். பக்கமெல்லாம் அரையங்குல வலை. மூசாங்கும் மலைப்பாம்பும் செம்பனைத் தோப்பிலிருந்து இரவில் வரும், பியாவாக் பட்டப்பகலில் வரும். தாமான் வீடானால் உள்ளூராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் சத்தம், வெடிச்சத்தம், அண்டை வீட்டுத் தும்மல் என எதற்கும் சேவல் பதில் கொடுக்கும்.

“நாட்டுக்கோழியோடு சேர்த்தே விடலாம்” என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் நிறைய. கேட்காதீர்கள். கோழிக் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழுவின் முட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று தங்கும். கோழிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. எச்சத்தோடு மண்ணுக்குப் போய், மண்புழு வயிற்றில் ஏறி, அந்த மண்புழுவை வான்கோழி கொத்தும்போது ஈரலைத் தின்னத் தொடங்கும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போனால் அதுதான் அறிகுறி. அதற்குப் பிறகு பிழைப்பது அரிது. அந்தப் புழுமுட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். ஈர மண்ணும் மண்புழுவும் நிறைந்த நம் ஊரில் கோழி மேய்ந்த இடத்தைத் தவிர்ப்பதே மருந்து. வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. எந்த வயதில் போடுவதென்று கால்நடை இலாகாவில் கேளுங்கள்.

குஞ்சுப் பருவம்தான் கண்டம். வான்கோழிக் குஞ்சுக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் சிரிப்பீர்கள். தட்டு நிறையத் தீனி இருக்க, பக்கத்தில் நின்றபடியே பட்டினியில் சாகும். தட்டில் பளபளக்கும் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். அதைக் கொத்த வந்து தீனியைக் கண்டுகொள்ளும். விரலால் தட்டைத் தட்டிக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் சொல்லும் முறை இன்னும் உறுதி: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை, முதல் 15 நாளைக்கு. முதல் வாரம் 35 டிகிரிச் சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் வெயிலில் பகலில் விளக்கு பெரும்பாலும் தேவைப்படாது. மழை இரவில்தான் கவனம். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, விளக்கை விட்டு விலகி வாயைத் திறந்தால் சுடுகிறது.

கடையில் விற்கும் கறிக்கோழித் தீவனத்தில் புரதம் 20 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். வான்கோழிக் குஞ்சுக்கு 28 வேண்டும். உப்பில்லாத மீன்தூள் கலந்து ஈடுகட்டலாம். எட்டு வாரத்துக்குப் பிறகு கங்கோங், முருங்கைக் கீரை, புல் என்று பச்சை கொடுக்கக் கொடுக்கச் செலவு குறையும். சென்னை நந்தனம் ஆராய்ச்சி நிலையத்தில் கறுப்பு நாட்டு இனத்தோடு பெல்ட்ஸ்வில் வெள்ளையைக் கலந்து ‘நந்தனம் வான்கோழி-1’ உருவாக்கினார்கள். வெக்கை ஊருக்கு அதுபோன்ற அளவான உடம்பே தோது. மார்பு பெருத்த சீமை இனம் நம் சூட்டில் மூச்சு வாங்கும்.

பங்குனியில் குஞ்சு வாங்கினால் தீபாவளிக்குத் தயாராகும். இடையில் வரும் புரட்டாசியில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. பறவைக்கு அது ஒரு மாத வாய்தா. நமக்கு மனத்தைத் தயார் செய்ய ஒரு மாதம்.

அறுக்கும் நாளுக்கு முந்தின இரவு தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். விடியற்காலையில், மற்றப் பறவைகளின் கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள். துரத்திப் பிடிக்காதீர்கள், இருட்டில் மெதுவாகத் தூக்கினால் அடங்கி இருக்கும். சிறகடி கையை உடைக்கிற மாதிரி விழும் என்பதால், அடி வெட்டிய பிளாஸ்டிக் தொட்டியில் தலைகீழாக இறக்கிக்கொள்ளுங்கள். கத்தி மயிரைச் சீவும் கூர்மையில் இருக்க வேண்டும், ஒரே இழுப்பு. மலாய் அண்டை வீட்டாருக்கும் பங்கு அனுப்புவதானால் அறுப்பதை ஒரு முஸ்லிமிடம் விட்டுவிடுங்கள். கை நடுங்கினாலும் வேறொருவரைக் கூப்பிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிள்ளை கேட்டால் “மாமா வீட்டுக்குப் போயிருக்கு” என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன், என் மகன் மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தான்.

60 முதல் 65 டிகிரி நீரில் ஒரு நிமிடம் முக்கினால் இறகு கையோடு வரும். குடலை எடுத்துக் கழுவி, ஒரு நாள் குளிர்பெட்டியில் வையுங்கள். அன்றே சமைத்தால் ரப்பர். கால்கறியில் ஈர்க்குச்சிபோல நரம்புகள் இருக்கும், உருவிவிடுங்கள். காலுக்குத் தேங்காய்ப்பால் குழம்பு. நெஞ்சுக்கறியில் கொழுப்பில்லை, மெல்லிசாக நறுக்கி மிளகுப் பிரட்டல். எலும்புக்கு ரசம். பக்கத்தில் பெக்கான் நானாஸ் அன்னாசியில் ஒரு பச்சடி.

அம்மா இப்போது சாப்பிடுகிறார். ஆனாலும் முதல் கவளத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கேட்பார்:

“வளையம் போட்டது இல்லையேப்பா?”

“இல்லம்மா.”

குழம்புச் சட்டியின் மூடி கணீரென்று விழும். பின்கட்டிலிருந்து இரண்டாவது தொரை உடனே பதில் கொடுக்கும்.