மூக்கைத் தூக்கினால் விமானம் ஏறிவிடுமா?

2025 நவம்பர் 13 அன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே, திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு சிறிய பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. திண்டிவனம்–விழுப்புரம் நான்குவழிச் சாலையில் தினமும் போய் வருபவர்களுக்கு, நம் தலைக்கு மேலும் இப்படி நடக்குமா என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்தப் பயத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகள் தவறானவை.

நம்பிக்கை: எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும்.

உண்மை: விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கை மேல் ஓடும் காற்று. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172, 1,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றாலும், காற்று அமைதியாக இருந்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும். வயலோ சாலையோ, இடம் பார்த்து இறக்க விமானிக்கு அவகாசம் உண்டு.

நம்பிக்கை: தரை நெருங்கினால் மூக்கைத் தூக்கினால் போதும், ஏறிவிடும்.

உண்மை: உயிரைப் பறிக்கும் தவறே இதுதான். வேகம் குறைந்த நிலையில் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும்; தாங்கும் விசை சட்டென்று சரியும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில்தான் ஆபத்து அதிகம். ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பதறி விமானி கூடுதலாகச் சாய்க்கிறார், உயரம் குறையாமலிருக்க மூக்கை இழுக்கிறார். உயரம் விடாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால், ஸ்டால் ஆகும் வேகமே 40 சதவீதம் கூடிவிடும். கால் பெடலையும் தப்பாக அழுத்தினால் ஒரு பக்க இறக்கை முதலில் விழுந்து விமானம் சுழலும். சில நூறு அடி உயரத்தில் அதிலிருந்து மீள இடமே இல்லை.

பெரிய விமானமும் விலக்கல்ல. 2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் இறங்க வந்த அலையன்ஸ் ஏர் போயிங் 737 இப்படித்தான் வேகம் இழந்து ஸ்டால் ஆகிக் குடியிருப்பில் விழுந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 60 பேர் இறந்தார்கள். ஸ்டாலில் இருந்து மீளும் முறையைச் செய்யாமல் விமானிகள் மேலே ஏற முயன்றதை விசாரணை சுட்டிக்காட்டியது. முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரை எதிரே வரும்போது அதைச் செய்யக் கை வராது. அதனால்தான் போதிய உயரத்தில் வைத்து இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

நம்பிக்கை: சக்கரம் தொட்டுவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று.

உண்மை: பக்கக் காற்று அப்போதும் விமானத்தை ஓடுதளத்தை விட்டுத் தள்ளலாம். நிற்கும்வரை ஓட்டியாக வேண்டும்.

நம்பிக்கை: இறங்க வந்து திரும்ப மேலே போனால் விமானிக்குத் திறமை போதாது.

உண்மை: திறமை இருப்பதால்தான் போகிறார். வேகமோ உயரமோ சரியில்லை என்று தெரிந்ததும் முயற்சியைக் கைவிடுவது, மேலே சொன்ன விபத்துகளை முளையிலேயே தடுக்கும். நமக்குப் பக்கத்து விமான நிலையமான புதுச்சேரியில் ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். அங்கே நீங்கள் போகும் விமானம் இறங்காமல் மறுபடி எழும்பினால் பதறாதீர்கள், விமானியைத் திட்டாதீர்கள். பெல்ட்டைக் கழற்றாமல் உட்காருங்கள்.