பழஞ்சுரங்கப் பயணமும் பாதுகாப்புக் கண்காணிப்பும்

வடக்கு வேல்ஸில், ஓயாத மழைக்குப் பெயர்போன மலைகளின் நடுவே, பிளைனை ஃபெஸ்டினியோக் என்னும் சிற்றூர் இருக்கிறது. பல தேசத்து நகரங்களுக்குக் கூரை வேயச் சிலேட்டுக்கல்லை அனுப்பிவந்த அவ்வூர்ச் சுரங்கங்களுள் ஒன்றான லெக்வெத், தன் பழைய பகுதியைப் பொதுமக்கள் பார்வைக்கு 1972-ஆம் ஆண்டில் திறந்துவிட்டது; வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பு 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, வழிகாட்டியின் பின்னே பூமியின் கர்ப்பத்திற்குள் இறங்கிப் பார்க்கும் ஆவல் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அந்த ஆவல் வரவேற்கத்தக்கதே. ஆயினும், தொழில் நடந்த காலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளரின் கண்ணும் காதும் அன்றாடம் அந்தப் பாறையைக் காவல் காத்துவந்தன என்பதையும், அவர்கள் வெளியேறியபோது அந்தக் காவலும் கூடவே வெளியேறிவிட்டது என்பதையும், பாறையும் நீரும் காற்றும் மட்டும் தம் வேலையை நிறுத்தவேயில்லை என்பதையும் பயணம் நடத்துவோர் மறக்கலாகாது. இழந்துபோன அந்தக் காவலை முறையான பரிசோதனைகளால் ஈடுசெய்வதே கண்காணிப்பு. அதன் சாரம் இரண்டே: நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே எது மாறியது என்று அறிவது, எந்த மாறுதலுக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே நிர்ணயித்து வைப்பது.

முதற்படி: ஆரம்ப நிலையைப் பதிவு செய்தல்

மாறுதலை அறியவேண்டுமானால் ஆரம்ப நிலை தெரிந்திருக்கவேண்டும். பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, சுரங்கப் பொறியியலில் தேர்ந்த ஒருவரைத் துணைக்கொண்டு, பார்வையாளர் செல்லவிருக்கும் பாதை முழுவதையும் நடந்து, குறித்த இடைவெளிகளில் எண்ணிட்ட அடையாளப் பலகைகளைப் பதித்து, ஒவ்வோர் எண்ணுக்கும் நிழற்படமும் அளவுகளும் குறிப்பும் எழுதிவைக்க வேண்டும். வரைபடத்தை முற்றும் நம்பிவிடுதல் கூடாது. தொழில் நலிந்த கடைசி ஆண்டுகளில் தாங்குதூண்களையே செதுக்கி எடுத்த வேலை வரைபடத்தில் ஏறாமல் போயிருக்கலாம். பாறையைத் தாங்கும் பகுதி பலவீனப்பட்டால் விளைவது என்ன என்பதற்கு, அதே ஊரின் ஓக்லி சுரங்கத்தில் 1882, 1883 ஆண்டுகளில் நிகழ்ந்த பெருஞ்சரிவு சாட்சி. உலோகச் சுரங்கங்களிலோ வேறொரு வஞ்சகம் உண்டு: குழியின் குறுக்கே மரங்களைப் போட்டு, அவற்றின்மேல் கழிவுக்கல்லைப் பரப்பிய இடம், மரம் உளுத்துப்போன பின்னும் கெட்டித் தரைபோலவே தோற்றமளிக்கும். ஆகையால் பரிசோதித்த பாதை ஒன்றையே திறந்துவைத்து, மற்றக் கிளைவழிகளைக் கம்பிக்கதவால் அடைத்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: பாறையைக் கவனித்தல்

சுரங்கத்தின் வாய்ப்பகுதியே அடிக்கடி கல் உதிரும் இடம். குளிர்நாடுகளில் விரிசலுக்குள் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிவதும் பகலில் உருகுவதுமாகப் பாறையைச் சிறிது சிறிதாக நெம்பிவிடும்; உள்ளேயோ உஷ்ணம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எனவே உறைபனிக்குப் பிறகும் கனமழைக்குப் பிறகும் வாய்ப்பகுதியைத் தனியே பார்வையிட்ட பின்னரே பயணத்தைத் தொடங்குதல் வேண்டும்.

கூரையைப் பரிசோதிக்கும் பழைய முறை இன்றும் பழுதற்றது. பானை வாங்குவோர் விரலால் தட்டிப் பார்ப்பதுபோல, நீண்ட இரும்புக்கம்பியால் பாறையைத் தட்டினால், உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். அடுக்குவிட்டுப் பிரிந்த பாறை பொத்தென்று பதில் சொல்லும். சிலேட்டு ஏடு ஏடாகப் பிரியும் இயல்புடையதாதலால் இந்தப் பரிசோதனை அதற்கு மிக அவசியம். தட்டுபவர் உறுதியான கூரையின் கீழே நின்று, முன்னோக்கித் தட்டிச் செல்லவேண்டும். தளர்ந்த கல்லை நெம்பி வீழ்த்துவது பயிற்சி பெற்றவர் மட்டுமே, பார்வையாளர் இல்லாத வேளையில் செய்யவேண்டிய காரியம்.

விரிசல்களுக்கு அளவுகோல் தேவை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதியிட்டு வைத்தால், பாறை சிறிதே அசைந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும். எவ்வளவு அசைந்தது என்று அறிய, இருபுறமும் ஆணிகளைப் பதித்து நுண்ணளவுக் கருவியால் அவற்றின் இடைவெளியை மாதந்தோறும் அளந்து, ஒரே ஏட்டில் எழுதிவர வேண்டும். சந்தேகத்துக்குரிய கூரையின் கீழே தரையைச் சுத்தமாகப் பெருக்கி வைப்பது செலவில்லாத உபாயம். அடுத்த நாள் அங்கே ஒரு சில்லு கிடந்தால், அது புதிதாய் விழுந்தது என்பதில் ஐயமில்லை. அந்தச் சில்லைக் கையில் எடுத்து அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்: தூசி படிந்த முகம் பழைய விரிசலில் இருந்து கழன்றதையும், பளிச்சென்ற முகம் புதிதாக ஏற்பட்ட முறிவையும் காட்டும்.

மூன்றாம் படி: காற்றை அளத்தல்

நல்ல காற்றில் பிராணவாயு 20.9 சதவீதம். உளுக்கும் மரமும் துருப்பிடிக்கும் இரும்பும் கந்தகம் கலந்த தாதுவும் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடுவதால், காற்றோட்டமற்ற மூலைகளில் நைட்ரஜனும் கரியமில வாயுவும் மிகுந்த, மூச்சை அடைக்கும் காற்று தேங்குகிறது. முற்காலத்தவர் பிராணவாயுக் குறைவை விளக்கின் சுடரைக் கொண்டும், கார்பன் மோனாக்ஸைடைக் கேனரிப் பறவையைக் கொண்டும் அறிந்தனர். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் அப்பறவைக்கு 1986-ஆம் ஆண்டில்தான் ஓய்வு கிடைத்தது. இன்று கையடக்க வாயுமானி இருக்கிறது. அதை உபயோகிப்பதில் கவனிக்கவேண்டியவை இவை:

1. கருவியைச் சுரங்கத்துக்கு வெளியே, தூய காற்றில் மட்டுமே பூஜ்யநிலைக்குக் கொண்டுவர வேண்டும். கெட்ட காற்றில் நின்று அதைச் செய்தால், கெட்டதையே நல்லதென்று கருவி பொய் சொல்லும். அளவறிந்த வாயுவைச் செலுத்தி, எச்சரிக்கை மணி ஒலிக்கிறதா என்று தினமும் சோதித்தபின்னரே அதை உள்ளே எடுத்துச் செல்லலாம்.

2. கரியமில வாயுவைத் தனியே அளக்கும் கருவி வேண்டும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு ஆகையால், 5 சதவீதம் கரியமில வாயு புகுந்து நல்ல காற்றை விலக்கினாலும் பிராணவாயு ஏறக்குறைய ஒரு சதவீதமே குறையும்; 19.5-க்குக் கீழே போனால் ஒலிக்கும் மணி அப்போது மௌனமாகவே இருக்கும். அந்தக் கரியமில வாயுவோ அதற்குள் ஆளை மயக்கும் அளவை எட்டியிருக்கும்.

3. மீத்தேன் இலேசானது, கூரையின் அருகே தேடவேண்டும். கரியமில வாயு கனமானது, தரையோரத்திலும் குழிகளிலும் தேடவேண்டும். குழிக்குள் இறங்குமுன் கருவியின் குழாயை முன்னே இறக்கிப் பார்ப்பது கட்டாயம். ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றத்தை மட்டும் நம்பலாகாது. அதன் அளவு மிகும்போது மூக்கே மரத்துப்போய்விடும்.

காற்று பருவத்தோடும் மாறும். குளிர்காலத்தில் வெளிக்காற்று கனத்துக் கீழ்வாயிலில் புகுந்து, உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்றை மேல்வாயிலால் வெளியே தள்ளுகிறது. கோடையில் ஓட்டம் திசைமாறுகிறது. இடைப்பட்ட நாட்களில், உள்ளும் புறமும் உஷ்ணம் சமமாகும்போது, காற்று அப்படியே ஸ்தம்பித்து நின்றுவிடுகிறது. பாரமானியின் அளவு இறங்கும் நாட்களில், அடைபட்ட பகுதிகளில் தேங்கியிருந்த கெட்ட காற்று பாதைக்குள் கசிந்துவரும். ஆகவே பாரமானியைக் காலையில் பார்த்துக் குறித்துவைப்பதும் வாயுப் பரிசோதனையின் ஒரு பகுதியே.

கதிரியக்க வாயுவான ரேடான் வேறு வகைப்பட்ட அபாயம். ஒருமுறை வந்துபோகும் பார்வையாளருக்கு அதனால் நேரும் தீங்கு அற்பம். ஆண்டு முழுவதும் உள்ளே உழைக்கும் வழிகாட்டிக்கோ அது நாளுக்கு நாள் சேரும். கார்ன்வாலின் பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் இருப்பது போன்ற கருங்கல் பிரதேசங்களில் இது முக்கியம். பிரிட்டனில் பணியிடங்களுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 300 பெக்கரல் என்பது நடவடிக்கை எடுக்கவேண்டிய அளவு. சிறிய கண்டறி வில்லைகளை மும்மாதம் வைத்து அளப்பதோடு, ஒவ்வொரு வழிகாட்டியும் உள்ளே கழித்த மணிக்கணக்கையும் எழுதிவர வேண்டும்.

நான்காம் படி: நீரின் போக்கு

வெளியேறும் வாய்க்காலில் வி வடிவ வெட்டுள்ள பலகையைக் குறுக்கே நாட்டி, வெட்டில் நிற்கும் நீரின் உயரத்தைத் தினமும் குறித்தால் ஓட்டம் தெரிந்துவிடும். ஓட்டம் திடீரென்று கூடினால் யாரும் கவனிப்பர். காரணமின்றிக் குறைந்தாலோ பலர் நிம்மதி அடைவர். உண்மையில் குறைவே கூடுதல் சந்தேகத்துக்குரியது. உள்ளே எங்கோ மண் சரிந்து வாய்க்காலை அடைத்திருக்கலாம். அதன் பின்னே நீர் ஏறிக்கொண்டிருக்கலாம். காரணம் தெரியும்வரை பயணத்தை நிறுத்திவைப்பதே விவேகம். நீரின் நிறத்தையும் உடன் பார்க்கவேண்டும்: தெளிந்தோடிய நீர் கலங்கினால் மண் நகர்கிறது என்பது பொருள். போலந்து நாட்டின் வியேலிச்கா உப்புச் சுரங்கத்தில் 1992-இல் நீர் பெருகிப் புகுந்தபோது, புகழ்பெற்ற அந்தச் சுரங்கமே ஆபத்துக்குள்ளாயிற்று. உப்புப் பாறையில் நீரின் அளவோடு அதன் உப்புச் செறிவையும் அளக்கவேண்டும், ஏனெனில் உப்புக் குறைந்த நீரே பாறையைக் கரைக்க வல்லது.

ஐந்தாம் படி: மரம், இரும்பு, மின்தூக்கி

ஏணி, கைப்பிடிக் கம்பி, பாலம், கயிறு இவற்றுக்கெல்லாம் எண்ணும் பரிசோதனைத் தேதியும் இருக்கவேண்டும். மரத்தைக் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தால், மேலே கெட்டியாய் உள்ளே உளுத்திருப்பது வெளிப்படும். கொலராடோ மாநிலத்தின் கிரிப்பிள் கிரீக்கில், மோலி காத்லீன் என்னும் பழைய தங்கச் சுரங்கத்தின் மின்தூக்கியில் 2024 அக்டோபரில் நேர்ந்த விபத்தில் வழிகாட்டி ஒருவர் உயிரிழந்தார். 1,000 அடி ஆழத்தில் பன்னிருவர் பல மணி நேரம் சிக்கியிருந்து, பின்னர் பத்திரமாக மேலே வந்தனர். அவர்கள் காத்திருந்த இடத்தில் குடிநீரும் நாற்காலியும் போர்வையும் இருந்தன. மேலே இருப்பவர்களோடு பேச வானொலித் தொடர்பும் இருந்தது. ஒவ்வொரு சுரங்கத்திலும் அத்தகைய தங்குமிடமும், கூடுமானால் மின்தூக்கியை நம்பாத இரண்டாவது வெளிவழியும் அமைந்திருத்தல் வேண்டும்.

ஆறாம் படி: ஆட்கணக்கு

உள்ளே செல்லும் ஒவ்வொருவரும் வாயிலில் எண்ணிட்ட டோக்கன் ஒன்றை மாட்டி, வெளியே வந்ததும் அதைத் தம் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பவேண்டிய நேரத்தைப் பலகையில் எழுதி, மேலே ஒருவர் அந்தப் பலகையை விட்டு அகலாது காத்திருக்க வேண்டும். குறித்த நேரம் கடந்தால் யாரை எப்போது அழைப்பது என்பதும் அவர் கையில் எழுத்தில் இருக்கவேண்டும். கைப்பேசி அலைகள் பாறையை ஊடுருவா. ஆகையால் கம்பித் தொலைபேசியை வழிநெடுக வைத்து, அன்றாடம் பேசிச் சோதிக்கவேண்டும்.

ஏழாம் படி: முடிவை முன்னதாக எழுதிவைத்தல்

அபாயத்தின் நடுவே நின்று யோசிப்பவருக்குத் தெளிவு குறையும். எனவே எல்லைகளை மேலேயே, அமைதியாக, எழுதிவைக்க வேண்டும்:

பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் கீழே: உடனே வெளியேறுதல்.
கரியமில வாயு 0.5 சதவீதம்: அன்றைய பயணத்தை நிறுத்திக் காரணம் தேடுதல்; 1.5 சதவீதம்: உடனே வெளியேறுதல்.
கார்பன் மோனாக்ஸைடு பத்து லட்சத்தில் 20 பங்கு, அல்லது ஹைட்ரஜன் சல்பைடு 5 பங்கு: வெளியேறுதல்.
மீத்தேன் எந்த அளவில் தென்பட்டாலும்: வெளியேறுதல், 5 முதல் 15 சதவீதம் வரை அது வெடிக்கும்.
கண்ணாடித் துண்டு தெறித்தல், புதிய கல்விழல், நீரோட்டத்தில் காரணம் தெரியாத மாறுதல்: பொறியியலாளர் பார்த்துக் கையொப்பமிடும் வரை பாதை மூடல்.

இவ்வளவும் பயன்படுவது ஒரு நிபந்தனையின்மேல்தான். முன்னே நடக்கும் வழிகாட்டி, அவர் எவ்வளவு இளையவராயினும், "திரும்புவோம்" என்று சொன்னால், பார்வையாளர் கூட்டமோ அன்றைய வருமானமோ அதற்குக் குறுக்கே நிற்கலாகாது. அந்த அதிகாரத்தை நிர்வாகம் எழுத்தில் வழங்குவதோடு, அவ்வாறு திரும்பிய நாளில் கட்டணத்தைத் திருப்பித்தர ஏற்பாடும் செய்துவிட்டால், தயக்கத்துக்கு இடமே இராது. மாலையில் ஏட்டை மூடுமுன் அன்றைய அளவுகளை முந்தைய வாரத்து அளவுகளோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லாத ஏட்டோடு மறுநாள் வாயிற்கதவைத் திறக்கலாகாது.