ராத்திரி ட்யூட்டியில் யார்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாய் சேய் நலக் கொள்கைதான் இனி உன் துறை என்று அண்ணன் சொன்னான். சந்தோஷம். கொள்கை என்றதும் கோட்டையும் அரசாணையும் மட்டுமே உன் கண்ணுக்குத் தெரிந்தால், தமிழ்நாட்டுக் கதையில் பாதி விட்டுப்போகும்.

2001-03இல் இங்கே ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54. இடையில் அதிசய மருந்து எதுவும் வந்துவிடவில்லை. ரத்தப்போக்குக்கு ஆக்ஸிடோசின், வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட், இரண்டுமே பழைய ஊசிகள். போடத் தெரிந்த ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கும் பக்கத்தில் இருக்கும்படி ஆனதுதான் பெரிய மாற்றம்.

முன்பெல்லாம் சாயங்காலத்துக்குமேல் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆள் இருக்காது. பிரசவ வலிக்கு ஆபீஸ் நேரம் தெரியுமா? ஒரு நிலையத்துக்கு மூன்று நர்ஸ் என்று போட்டு, ஷிப்ட் முறையில் 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். சிக்கலான கேஸுக்கு ரத்தமும் ஆபரேஷன் வசதியும் உள்ள சீமாங் மையங்கள் வந்தன. 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. மருந்து வாங்கி அனுப்ப மருத்துவப் பணிகள் கழகம் 1994லேயே உருவாகிவிட்டது. மேடையில் கைதட்டல் வாங்குகிற சமாச்சாரம் எதுவும் இதில் இல்லை.

கைதட்டல் கிடைப்பது பணத்துக்கு. 1987இல் 300 ரூபாயில் ஆரம்பித்த முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2018இல் 18,000 ஆனது. பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரிப் பிரசவம், தடுப்பூசி ஆகியவற்றோடு தவணைகளை முடிச்சுப் போட்டது கெட்டிக்காரத்தனம்தான். தவணை தள்ளிப்போனால் முடிச்சும் தளரும்.

நீ கற்றுக்கொள்ள வேண்டிய இடம் தாய் இறப்புத் தணிக்கை. ஒரு தாய் இறந்தால் சுகாதாரத் துறையினர் அவள் வீட்டுக்கே போய் விசாரிப்பார்கள்: வலி எப்போது கண்டது, கிளம்பலாம் என்று முடிவெடுத்தது யார், வண்டி வர எவ்வளவு நேரம், எந்த ஆஸ்பத்திரி எங்கே அனுப்பியது? பிறகு கலெக்டர் தலைமையில் கூட்டம் நடக்கும். இறந்தவளின் உறவினரையும் கூப்பிடுவார்கள். தாயை இழந்த வீட்டார் நடந்ததைச் சொல்ல, டாக்டர்கள் உட்கார்ந்து கேட்கும் இந்த ஏற்பாடு லேசுப்பட்டதில்லை. ஆனால் யாருக்கு மெமோ கொடுக்கலாம் என்று அந்தக் கூட்டம் தேட ஆரம்பித்தால், அடுத்த கேஸ் ஷீட்டிலிருந்து உண்மை காணாமல் போய்விடும். 'நோயாளி தாமதமாக வந்தார்' என்ற ஒரு வரியோடு ஃபைலை மூடிவிடுவார்கள். ஏன் தாமதம் என்று கேட்க அங்கே ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அது கூட்டத்திலேயே வயதில் சின்னவராகத்தான் இருக்கும், கூச்சப்படாமல் கேள்.

54 என்பதும் சராசரிதான். அதே ஆண்டுகளில் கேரளத்தில் 19. மலைக் கிராமத்தையும் சென்னையையும் ஒரே எண்ணுக்குள் போட்டால் மலை மறைந்துவிடும். ஆகவே சென்னை வேலைக்குச் சம்மதிக்கும் முன், மலை ஒன்றியம் ஒன்றில் ஓராண்டு கள வேலை தருவார்களா என்று விசாரி. மாட்டோம் என்றால் சம்பளத்தைப் பார்த்து மயங்காதே, எனக்குப் போன் போடு.

இப்படிக்கு,
அத்தை