தொலைபேசிப் பெட்டியில் ஸ்விட்ச் அட்டைகளை அடுக்குவோர்க்கு

காரியாலயத்து இபிஏபிஎக்ஸ் பெட்டியில் ஈதர்நெட் ஸ்விட்ச் அட்டையைச் செருகுமுன், மின்சாரத்தை நிறுத்த வேண்டுமா என்று கையேட்டில் பார்த்து, மணிக்கட்டில் நிலைமின் பட்டையணிந்து, அட்டையின் விளிம்பைமட்டும் பற்றிக் காடியில் நேராகச் செலுத்துவது உத்தமம்.

இரண்டாவது அட்டையை முதலாவதோடு இணைக்கையில்தான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். தகவல் சுழல்வதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்னும் ஏற்பாடு இயங்காத நிலையில் இரண்டுக்குமிடையே இரு கேபிள்களைப் போட்டுவிட்டால், ஒரே தகவல் முடிவின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகி, விளக்குகள் யாவும் ஒருசேர ஓயாது துடிக்க, க்ஷணத்தில் பேச்சு முழுதும் ஸ்தம்பித்துவிடும்.

கேபிள் வழியே மின்சாரம் பெறும் தொலைபேசிகளாயின், 2003ஆம் ஆண்டின் 802.3ஏஎஃப் விதிப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தேவைப்படக்கூடுமாதலால், அட்டைகளைப் பெருக்குமுன் பெட்டியின் மொத்த மின்சக்தியைக் கணக்கிடுக. குரலுக்கு வீலான் என்னும் தனி வலைப்பிரிவை வகுத்து, அமைப்பு விவரங்களைப் பிரதியெடுத்துவைத்து, ஒவ்வொரு கேபிளின் இருமுனையிலும் எண் ஒட்டிவிடுக.