ஒரு சிறு ஜில்லாவும் அதன் பெரியோரும்

சரித்திரம் என்றவுடன் அரசர்களின் போர்களையும் பட்டாபிஷேகங்களையும் நினைப்பதே நம் வழக்கம். ஆயின் ஒரு சிறு ஜில்லாவின் சரித்திரத்தை ஊன்றிக் கவனிப்போமாயின், குடிகள் எத்தொழிலால் ஜீவித்தனர், எதனால் தாழ்ந்தனர், எதனால் மீண்டனர் என்பன விளங்கும். ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குப் பிரயோஜனப்படுவது இத்தகைய சரித்திரமே. ஆதலால், நம் இயக்கத்தின் மூலபுருஷர்களுள் ஒருவர் பிறந்த மான்ட்கோமரி ஜில்லாவைப் பற்றி இப்பாடத்தில் கூறுவோம்.

இது பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் தேசத்தின் நடுப்பகுதி. 1974-ஆம் ஆண்டில் இது போவிஸ் என்னும் பெரிய ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டது. பிளின்லிமன் மலையில் தோன்றும் ஸெவர்ன் நதி, லானிட்லோஸ், லாண்டினம், நியூடவுன் என்னும் ஊர்களின் வழியே பாய்கின்றது. மலைச்சரிவுகளில் ஆடு வளர்த்தலும், அவற்றின் ரோமத்தைக் கொண்டு பிளானல் துணி நெய்தலுமே முற்காலத்தில் ஜனங்களின் தொழில்கள். நியூடவுனில் நெசவாளிகள் கீழ்க்கட்டில் குடியிருந்து, மேல்மாடியில் தறி போட்டு நெய்தனர். வட இங்கிலாந்தின் ஆலைகள் பெருகவே அவர்களுடைய துணிக்குக் கிராக்கி குறைந்தது. வறுமையுற்ற நெசவாளிகள் வாக்குரிமை கோரிய கிளர்ச்சியில் சேர்ந்தனர். 1839-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி லானிட்லோஸில் கலகம் மூண்டது. துருப்புகள் வந்து அடக்கின. சிலர் நாடு கடத்தப்பட்டனர். கோபம் ஊரைச் சில தினங்கள் ஆண்டது, வறுமையோ தீரவில்லை.

இந்த நியூடவுனில் 1771-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி ராபர்ட் ஓவன் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்பவர். பத்து வயதிலேயே வீட்டை விட்டுச் சென்ற ஓவன், துணிக்கடைகளில் ஊழியம் புரிந்து, 1800-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள நியூ லானார்க் நூல் ஆலையின் நிர்வாகியானார். பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகளை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். தொழிலாளருக்கு நல்ல சரக்கைக் குறைந்த விலைக்கு விற்கும் கடை ஒன்றை நடத்தினார். அமெரிக்கப் பஞ்சு தடைப்பட்டு ஆலை நான்கு மாதம் நின்றபோதும் கூலியைக் குறைக்கவில்லை. 1816-இல் பெரிய கல்விச்சாலை ஒன்றைத் திறந்தார்.

பின்னர் அவர் 1825-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்னும் ஊரை விலைக்கு வாங்கி, யாவரும் பொதுவில் உழைத்து வாழும் சமுதாயம் ஒன்றை நிறுவினார். அது மூன்றாண்டும் நிலைக்கவில்லை. அவருடைய செல்வத்தில் பெரும்பகுதி அதில் அழிந்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் முதல் அவருடையது, யோசனையும் அவருடையது. வந்து சேர்ந்தவர்களுக்கோ இழப்பதற்கு யாதும் இல்லை.

இதற்கு மாறாக, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அங்கத்தினர் 28 பேர். முதல் 28 பவுன். அவர்களிற் பலர் பிளானல் நெசவாளிகள். சிலர் ஓவனுடைய கொள்கையைக் கற்றவர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களே கடையில் இருந்தன. ரொக்க வியாபாரம், சரியான நிறை, ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவிற்கேற்ப லாபப் பங்கு என்பன விதிகள். செல்வரான ஓவன் பெரும்பொருளால் நிலைநிறுத்த இயலாததை, ஏழைகள் தம் சில்லறைக் காசைச் சேர்த்து நிலைநிறுத்தினர். இந்தியாவில் 1904-ஆம் ஆண்டில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவல்லிக்கேணியில் தொடங்கிய ஐக்கியப் பண்டகசாலையும் ராச்டேல் வழியைப் பின்பற்றியதே.

ஓவன் தம் முதுமையில் பிறந்த ஊருக்கே திரும்பி, 1858-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி அங்கே காலமானார். ஸெவர்ன் நதிக்கரையில் உள்ள அவருடைய சமாதிக்கு 1902-ஆம் ஆண்டில் ஐக்கிய இயக்கத்தார் இரும்புக் கிராதி அமைத்தனர்.

இந்த ஜில்லாவின் வேறு பெரியோரையும் அறிதல் நன்று. லாண்டினத்தில் 1818-இல் பிறந்த டேவிட் டேவிஸ், மரம் அறுக்கும் தொழிலில் தொடங்கி, ரெயில் பாதைகளும் பாரி துறைமுகமும் அமைத்தவர். அவருடைய பேத்திமார் இருவர் கிரகினாக் மாளிகையில் அழகிய அச்சுக்கூடம் நடத்தி, தாம் சேர்த்த சித்திரங்களை வேல்ஸ் தேசியக் காட்சிச்சாலைக்கு அளித்தனர். நியூடவுனுக்கு ரெயில் வந்தபின், பிரைஸ் ஜோன்ஸ் என்னும் ஜவுளி வியாபாரி, தபால் மூலம் ஆர்டர் பெற்றுத் துணி அனுப்பும் முறையைப் பெரிய அளவில் நடத்தினார். அவர் 1879-இல் கட்டிய பண்டகசாலை நெடுந்தூரத்திற்குத் தெரியும்.

லாபத்தை மட்டுமன்றி நஷ்டத்தையும் சரித்திரம் கூறவேண்டும். லிவர்பூல் நகருக்குக் குடிநீர் தருவதற்காக, 1880-க்கும் 1890-க்கும் இடையில் வர்ன்வி நதியில் பெரிய கல்லணை கட்டப்பட்டது. லானூதின் என்னும் கிராமம் நீரில் மூழ்கியது. ஜனங்கள் வேறிடத்தில் புதிதாய்க் கட்டிய வீடுகளிற் குடியேறினர். நகரத்தின் சௌகரியத்திற்குக் கிராமம் கொடுத்த விலையை ஏரிநீர் மறைத்துவிட்டது. ஊராரின் ஞாபகம் மறைக்கலாகாது.

கணக்குப் பரிசோதனைக்குச் செல்லும் சில ஊர்களில், "இது சர்க்கார் சங்கம், பணமும் சர்க்கார் பணந்தானே" என்று அங்கத்தினரே சொல்லக் கேட்டிருக்கிறோம். தவணை தவறுவதற்கு இந்த எண்ணமே மூலகாரணம். பிறர் நமக்காக நடத்தும் சங்கம் நியூ ஹார்மனியைப் போன்றது. நாமே பங்கு செலுத்தி, நாமே கேள்வி கேட்டு நடத்தும் சங்கம் ராச்டேலைப் போன்றது. இரண்டில் எது நிலைத்தது என்பதை மேலே கண்டோம்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்:

1. நம் ஊரில் முன்பு செழித்து இப்பொழுது குன்றிய தொழில் யாது? அதற்குக் காரணம் என்ன?

2. குளம், சாவடி, பள்ளிக்கூடம் ஆகியவற்றை ஊராருக்காக அமைத்தவர் யாவர்? அவற்றை இப்பொழுது பராமரிப்பவர் யார்?

3. நம் சங்கத்தின் முதலில் அங்கத்தினரின் சொந்தப் பங்கு எவ்வளவு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இவற்றிற்கு விடை கண்டு, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பீர்களாயின், அதுவே உங்கள் ஊரின் சரித்திரமாகும்.