ஆஸ்பெஸ்டாஸ் வேலையால் மூச்சுக் கோளாறா? இழப்பீடு கேட்கும் முன்…

1. டாக்டரிடம் பழைய வேலையையும் சொல்லுங்கள். தூசியை சுவாசித்துப் பல ஆண்டுகள் கழித்தே நோய் தலைகாட்டும்.

2. நோயின் பெயரையும், வேலைதான் காரணம் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய்.

3. சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், அடையாள அட்டை, எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி மூடிவிட்டாலும் இவை சாட்சி சொல்லும்.

4. நிர்வாகத்திடம் மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

5. இ.எஸ்.ஐ. அட்டை இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அங்கே, இல்லையென்றால் தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரியிடம் மனு செய்ய வேண்டும்.

6. நோய் தெரிந்ததும் மனு போடுங்கள். காலக்கெடு உண்டு, தாமதமானால் காரணம் காட்ட வேண்டிவரும்.

7. கம்பெனி நீட்டும் ‘சமரச’த் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். பின்னால் வழக்கு இழுபடும்.

8. வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-ஐ அழையுங்கள். ஆலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உரிமை.

தொழிலாளி இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த குடும்பத்தாரும் கேட்கலாம்.